கூப்பிடு தூரம்

போன வாரம் மெட்ராஸ்ல இருந்து ஒரு நண்பர் தோட்டத்துக்கு வந்திருந்தாருங்க. நான் எழுதறதை விடாம படிக்கிறவர். கிணத்து மேட்டுல உட்கார்ந்து இளநீர் குடிச்சுட்டு இருந்தோம். பேச்சுவாக்குல, "உங்க தம்பி எங்கே இருக்காரு?"ன்னு கேட்டார். அமெரிக்காவுல, சான் பிரான்சிஸ்கோ பக்கம்னேன்.

"அட, பெங்களூர்ல இருந்து நேராவே விமானம் விட்டாங்களே. ஏறி உட்கார்ந்தா பதினாறு மணி நேரம். ஒரு தூக்கம் போட்டு எழுந்தா ஊர் வந்துரும். தூரமெல்லாம் இப்ப ஒண்ணுமே இல்லைங்க" என்றார்.

அவர் நல்ல மனசோடதான் சொன்னார். நானும் தலையாட்டிட்டேன். அவர் காரு மண் ரோட்டைத் தாண்டிப் போன பிறகுதான், இதுக்கு ஒரு பதில் இருக்குதே, சொல்லாம விட்டுட்டமேன்னு தோணுச்சு. அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதறேன். கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்குங்க.

எங்க ஊர் சத்தியமங்கலத்துக்குக் கிழக்கே, பவானி ஆத்தை ஒட்டி இருக்குது. வடக்கே பார்த்தால் மலை. மலைக்கு அந்தப் பக்கம் கர்நாடகம். நான் சின்னப் பையனா இருக்கையில இங்கே யாரும் கிலோமீட்டர் கணக்கில் பேசினதில்லை. பக்கத்துத் தோட்டம் கூப்பிடு தூரம். வரப்பு மேல நின்னு குரல் கொடுத்தா அந்தப் பக்கம் காதுல விழும். அத்தை ஊர் வண்டி கட்டினா ஒரு பொழுது. பண்ணாரி கோயில் நடந்தா அரை நாள். தூரம்னா போய்ச் சேர ஆகிற நேரம்தான்.

கூப்பிடு தூரத்துல இன்னொரு அர்த்தமும் இருந்துச்சு. கூப்பிட்டா ஆள் வந்துரும். பாம்பு வந்தாலும் சரி, மாடு கன்னு போட முடியாம திணறினாலும் சரி, ஒரு குரல் கொடுத்தா ரெண்டு பேர் ஓடி வருவாங்க. குரல் போற தூரமும் ஆள் வர்ற தூரமும் அப்போ ஒண்ணாத்தான் இருந்துச்சு.

தம்பி 2003-ல அமெரிக்கா போனான். ஆரம்பத்துல வாரத்துக்கு ஒரு தடவை போன் வரும். அப்புறம் தினமும் வந்துச்சு. கடைசி அஞ்சாறு வருஷமா வீடியோவுல முகமே பார்த்துப் பேசறது. அம்மா கட்டுத்தரையில சாணி வழிச்சுட்டு இருக்கும்போதே, பக்கத்துல திண்ணையில போனைச் சாய்ச்சு வெச்சு, அவன் அங்கே ராத்திரிச் சாப்பாடு சாப்பிடறதைப் பார்த்துக்கும். "இன்னொரு கரண்டி போட்டுக்க கண்ணு"ன்னு இங்கிருந்து சொல்லும். அதனால நானும் உங்க மாதிரிதான் நினைச்சுட்டு இருந்தேன். அமெரிக்காவே கூப்பிடு தூரம் ஆயிருச்சுன்னு.

2021 ஜனவரியில, ஏர் இந்தியாவோட முதல் நேரடி விமானம் சான் பிரான்சிஸ்கோவுல இருந்து பெங்களூர் வந்து இறங்கின செய்தியைப் பேப்பர்ல படிச்சு அம்மாவுக்குச் சொன்னேன். 13,993 கிலோமீட்டர். நடுவுல எங்கேயும் இறங்காம, வட துருவத்துக்கு மேலா வந்திருக்காங்க. காக்பிட்ல இருந்த நாலு பேருமே பெண்கள்.

அம்மாவுக்கு கிலோமீட்டர் பிடிபடலை. பொம்பளைங்க ஓட்டிட்டு வந்தது மட்டும் ரொம்பப் பிடிச்சுப் போச்சு.

"ஒரு வண்டிக்கு நாலு பேர் எதுக்கு கண்ணு?"

"முறை போட்டு ஓட்டுவாங்கம்மா. வாய்க்கால் தண்ணிக்கு முறை வெக்கிறமில்ல, அது மாதிரி. ரெண்டு பேர் ஓட்டறப்ப ரெண்டு பேர் தூங்குவாங்க."

"அப்ப சரி" என்றது. கொஞ்ச நேரம் கழிச்சுக் கேட்டது: "சின்னவன் ஊர் எந்தப் பக்கம் இருக்குது?"

நான் யோசிக்காம மேற்கே கை காட்டினேன். சுவத்துல மாட்டற உலக மேப்புல அமெரிக்கா இடது ஓரத்துலதானே இருக்குது. அம்மா பல வருஷமா பொழுதோட விளக்கு வெச்சுட்டு, மேக்க சூரியன் இறங்கற பக்கம் ஒரு நிமிஷம் பார்த்துட்டுத்தான் உள்ளே வரும். அது தம்பிக்காகத்தான்னு எனக்கு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது.

பாப்பா பள்ளிக்கூடத்துக்கு வாங்கின உருண்டை ஒண்ணு வீட்டுல கிடந்துச்சு. ஒரு அடி குறுக்களவு. தையல் நூலை எடுத்து, ஒரு முனையைப் பெங்களூர்ல வெச்சு, இன்னொரு முனையை சான் பிரான்சிஸ்கோவுல வெச்சு இழுத்துப் பிடிச்சேன். எனக்கே ஆச்சரியமாப் போச்சு. நூல் மேக்கயும் போகலை, கிழக்கயும் போகலை. நேரா வடக்கே ஏறி, கொஞ்சம் கிழக்கே சாய்ஞ்சு, நேபாளம், மங்கோலியா, சைபீரியான்னு போய், உருண்டையோட உச்சிக்குப் பக்கத்துல வளைஞ்சு, அலாஸ்கா மேல இறங்கி, அமெரிக்காவோட மேற்குக் கரைக்கு வந்துச்சு. தட்டையான மேப்புல பார்த்தா இது சுத்து வழி. உருண்டையில இதுதான் குறுக்கு வழி. பூமியை ஒரு சுத்து சுத்தினா 40,000 கிலோமீட்டர். அதனால ரெண்டு ஊருக்கு நடுவுல தூரம் 20,000 கிலோமீட்டருக்கு மேல போகவே முடியாது. தம்பி ஊர் அதுல முக்கால்வாசியைத் தொடுது.

விமானம் அந்த நூல் பிடிச்ச வழியிலேயே போறதில்லைன்னு தம்பி பின்னால சொன்னான். திபெத் மேட்டு நிலமே ஏறத்தாழ நாலரை கிலோமீட்டர் உசரம். விமானத்துக்குள்ளே காத்தழுத்தம் குறைஞ்சு போனா, மூச்சு விடறதுக்காக உடனே பத்தாயிரம் அடிக்குக் கீழே இறக்கணும். அங்கே தரையே அதைவிட உசரத்துல இருந்தா எங்கே இறக்கறது? அதனால அந்த மேட்டை ஒதுங்கித்தான் போவாங்களாம். மேல் காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பார்த்து, ஒரு நாள் ஒரு வழி, இன்னொரு நாள் வேற வழி.

அம்மா அந்த நூலை எடுத்து விரல்ல வெச்சு அளந்து பார்த்துச்சு.

"ஒன்றரைச் சாண்தானா?" என்றது.

அன்னையிலிருந்து விளக்கு வெச்சுட்டு வடக்கே மலையைப் பார்க்க ஆரம்பிச்சுது.

கணக்கு சுலபமானதுதான். விமானம் மணிக்குச் சுமார் 900 கிலோமீட்டர் போகும். நிமிஷத்துக்கு 15. எங்க ஊர்ல இருந்து சத்தி 12 கிலோமீட்டர். டவுன் பஸ் 40 நிமிஷம் எடுக்கும். விமானத்துக்கு 48 விநாடி. பதினாலாயிரத்தைத் தொள்ளாயிரத்தால வகுத்தா பதினஞ்சரை மணி. ஏற, இறங்கக் கொஞ்சம் சேர்த்தா பதினாறு. நண்பர் சொன்ன கணக்கு தப்பே இல்லை.

ஆனா அது ஏர்போர்ட்டுக்கும் ஏர்போர்ட்டுக்கும் உள்ள கணக்கு. லீவுல வர்ற தம்பி பெங்களூர்ல இறங்கி, பெட்டி எடுத்து, கார் பிடிச்சு, நகரத்து நெரிசலைத் தாண்டி, சாம்ராஜ்நகர் வழியா திம்பத்துல 27 கொண்டை ஊசி வளைவும் இறங்கி வீடு வர இன்னும் ஆறேழு மணி நேரம். திரும்பிப் போகையில ராத்திரி கிளம்பவும் முடியாது. காட்டு விலங்குக வண்டியில அடிபட்டுச் சாகுதுன்னு, 2022-ல உயர் நீதிமன்ற உத்தரவுப்படி அந்த வழிக்கு ராத்திரித் தடை வந்துருச்சு. சேலம் சுத்தித்தான் போகணும். மானுக்கும் சிறுத்தைக்கும் வழி விடறதுல எனக்கு வருத்தம் இல்லைங்க. தூரத்தோட கணக்குல இதுவும் வருதுன்னு சொல்றேன், அவ்வளவுதான்.

இனி சொல்லப் போறது கொஞ்சம் கனமான விஷயம்.

எங்க அப்பா 2006-ல சித்திரை வெயில்ல போனார். தம்பி போய் மூணு வருஷம்தான் ஆகியிருந்துச்சு. "நான் வர்ற வரைக்கும் வெச்சிருங்கண்ணா"ன்னு போன்ல அழுதான். சரின்னுட்டேன். அப்போ எங்க பக்கம் ஃப்ரீசர் பெட்டி சுலபமாக் கிடைக்காது. ஐஸ் பாளம் வாங்கிட்டு வந்து, உமி போட்டு, மேல சாக்கு போட்டு, ஆசாரத்துலயே வெச்சிருந்தோம். ரெண்டு இடத்துல விமானம் மாறி, மெட்ராஸ் வந்து, ரயில் பிடிச்சு அவன் வந்து சேர்ந்தது மூணாம் நாள். அதுக்குள்ளே என்னென்ன ஆச்சுன்னு இங்கே எழுத மாட்டேன். வந்த ஒறம்பரை எல்லாம் வாசலுக்கு வெளியவே நின்னுட்டாங்க. அம்மா மட்டும் மூணு நாளும் பக்கத்துல உட்கார்ந்து, உருகி ஓடற தண்ணியைத் துணியால ஒத்தி ஒத்திப் பிழிஞ்சுட்டே இருந்துச்சு. ஒரு வார்த்தை பேசலை.

பதினாறு வருஷம் கழிச்சு, 2022 ஐப்பசியில, மழை பெய்ஞ்ச ஒரு பொழுதோட நேரம். அம்மா அவரைக்காய் ஆய்ஞ்சுட்டு இருந்துச்சு. நான் பக்கத்துல உட்கார்ந்திருந்தேன். தலை நிமிராமலே சொன்னது:

"என்னை உங்கப்பனை வெச்ச மாதிரி வெச்சுராத கண்ணு. ஐஸும் வேண்டாம், பொட்டியும் வேண்டாம். பொழுது இறங்கறதுக்குள்ள எடுத்துரு."

"தம்பி வரணுமில்லம்மா..."

"வந்தா வரட்டும். வர முடியலைன்னா எங்க இருக்கானோ அங்கிருந்தே கும்புட்டுக்குவான். ஒன்றரைச் சாண்தானே."

சரின்னு சொன்னேன். இதை நான் தம்பிகிட்ட சொல்லலை. சொல்லியிருக்கணும். உசிரோட இருக்கற அம்மாவைப் பத்தி போன்ல எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியலை. இன்னிக்கு நாளைக்குன்னு தள்ளிப் போட்டுட்டேன்.

2023 தை மாசம், பொங்கல் கழிஞ்சு பத்து நாள். ஒரு புதன்கிழமை. மஞ்சள் தாள் காய்ஞ்சு, வெட்டறதுக்குத் தயாரா நின்னுட்டு இருந்துச்சு. வெடியால 4 மணி 40 நிமிஷத்துக்கு அம்மா போயிருச்சு. நாலு நாளா காய்ச்சல், அவ்வளவுதான். தூக்கத்துலயே போச்சு.

தம்பியைக் கூப்பிட்டேன். அவனுக்கும் எங்களுக்கும் அந்த மாசத்துல பதிமூணரை மணி நேர வித்தியாசம். அங்கே செவ்வாய்க்கிழமை மத்தியானம் 3 மணி தாண்டியிருந்துச்சு. ரெண்டாவது மணி அடிக்கறதுக்குள்ள எடுத்தான். "அண்ணா, சொல்லுங்க"ன்னான். அந்த நேரத்துக்கு நான் கூப்பிட்டா என்ன விஷயம்னு அவனுக்குத் தெரியும். கூப்பிடு தூரம்தான். சந்தேகமே இல்லை.

ஒரு மணி நேரத்துல திரும்பக் கூப்பிட்டான். பெங்களூர் நேரடி விமானம் அப்போ தினமும் கிடையாது. அன்னிக்கு இல்லை. கிடைச்சது சிங்கப்பூர் வழி. அங்கே ராத்திரி 11 மணிக்குக் கிளம்பினா, நம்ம கணக்குல புதன் மத்தியானம் 12.30. சிங்கப்பூர் வரைக்கும் ஏறத்தாழ 13,600 கிலோமீட்டர், எதிர்க்காத்துல 17 மணி நேரம். அங்கே கோயமுத்தூர் விமானத்துக்கு 11 மணி நேரம் காத்திருக்கணும். அப்புறம் நாலேகால் மணி நேரம் பறக்கணும். இறங்கி, அன்னூர், புளியம்பட்டி வழியா 70 கிலோமீட்டர் கார்ல.

"வியாழக்கிழமை ராத்திரி 11 மணிக்கு வாசல்ல நிப்பேங்கண்ணா. வெள்ளிக்கிழமை வெடியால எடுத்துக்கலாம்" என்றான்.

நான் கணக்குப் போட்டேன். அவன் வீடு வந்து சேர 42 மணி நேரம். எடுக்கறதுக்குள்ள 50 மணி நேரம் தாண்டிரும். அப்போதான் அம்மா சொன்னதைச் சொன்னேன்.

ரொம்ப நேரம் சத்தமே இல்லை. லைன் போயிருச்சோன்னு நினைச்சேன். அப்புறம், "எப்பங்கண்ணா சொல்லுச்சு?"ன்னு கேட்டான். "ஐப்பசியில"ன்னேன். மறுபடி சத்தம் இல்லை. "இப்பத்தான் பொட்டியெல்லாம் நல்லா வருதேண்ணா. அப்பாவுக்கு ஆன மாதிரி ஆகாதேண்ணா"ன்னான். நான் ஒண்ணும் பேசலை. கடைசியா, "சரிங்கண்ணா. நான் எப்படியும் கிளம்பறேன்"னு சொல்லி வெச்சுட்டான்.

வெடிஞ்சதும் ஒறம்பரை வந்தாங்க. பெரிய மாமா வந்ததும் முதல்ல கேட்டது, "சின்னவன் எப்ப வர்றான்?" வியாழன் ராத்திரின்னேன். "சத்தியில பொட்டி கிடைக்கும், அரை மணி நேரத்துல வந்துரும், போன் போடட்டுமா?"ன்னார். வேண்டாம்ங்க மாமா, இன்னிக்குப் பொழுதோட எடுத்துரலாம்னேன். வாசல்ல ஒரு முணுமுணுப்பு ஓடுச்சு. ரெண்டு பையன்ல ஒருத்தன் முகம் பார்க்காம எடுக்கறதா? "பெரியவனுக்கு என்ன அவசரம்?"னு ஒரு அத்தை சொன்னது என் காதுலயே விழுந்துச்சு.

அந்த வார்த்தை என்னை இன்னும் விடலைங்க. அம்மா சொன்னதைத்தான் நான் செஞ்சேன். அதுல பொய் இல்லை. ஆனா இருபது வருஷமா இங்கேயே இருந்து மாடு, தண்ணி, ஆஸ்பத்திரின்னு எல்லாத்தையும் பார்த்தவன் நான். அவன் போன்ல பார்த்தவன். அந்தக் கணக்குல எங்கேயோ ஒரு ஓரத்துல எனக்கும் ஒரு கசப்பு இருந்திருக்குமோ, அதான் அவ்வளவு உறுதியாச் சொன்னனோன்னு பல ராத்திரி யோசிச்சிருக்கேன். இல்லைன்னு அடிச்சுச் சொல்ல என்னால முடியலை.

சாயங்காலம் 5 மணிக்கு எடுத்தோம். நான்தான் கொள்ளி வெச்சேன். திரும்பி வந்து தலைக்குத் தண்ணி வாத்துட்டு, வடக்கே மலையைப் பார்த்துட்டு நின்னேன். தம்பி ஆகாயத்துல எங்கே இருக்கான்னுகூடத் தெரியாது. போனும் போகாது. அந்த ஒரு பொழுதுதான் அமெரிக்கா நிஜமாவே தூரமாத் தெரிஞ்சுது.

வியாழன் ராத்திரி சொன்ன மாதிரியே 11 மணிக்கு வந்தான். வீட்டுக்குள்ள போகலை. நேரா கட்டுத்தரைக்குப் போய், அம்மா உட்கார்ற கல்லுல உட்கார்ந்தான். எருமை எழுந்து வந்து அவன் தோளை மோந்து பார்த்துச்சு. நானும் பக்கத்துல போய் உட்கார்ந்தேன். என்ன சொல்லப் போறானோன்னு பயமா இருந்துச்சு.

ரொம்ப நேரம் கழிச்சு அவனே பேசினான்.

"முன்னாடி திரையில மேப்பைப் போட்டு வெச்சுட்டே வந்தேங்கண்ணா. இங்கே அஞ்சு மணி ஆனப்ப, அலூஷன் தீவுகளுக்குத் தெக்கால, கடலுக்கு மேல இருந்தேன். பத்து கிலோமீட்டர் உசரம். வெளியே மைனஸ் ஐம்பது டிகிரி. எல்லாரும் தூங்கிட்டு இருந்தாங்க. எந்திரிச்சுப் பின்னாடி போயி கதவுகிட்ட இருக்கற சின்னக் கண்ணாடி வழியாப் பார்த்தேன். கன்னங்கரேல்னு இருட்டு. கும்புடலாம்னா எந்தப் பக்கம் பார்த்துக் கும்புடறதுன்னே தெரியலைங்கண்ணா. அப்புறம் விமானம் போற பக்கமே திரும்பி நின்னு கும்புட்டுட்டேன். எப்படியும் அது நம்ம வீட்டுப் பக்கம்தானே போகுது."

நூலை வெச்சு அம்மாவுக்குக் காட்டினதை அப்போதான் அவன்கிட்ட சொன்னேன். கேட்டுட்டு இருந்தவன் கொஞ்சம் தயங்கிச் சொன்னான்.

"என்கிட்டயும் சொல்லுச்சுங்கண்ணா. தீபாவளிக்குக் கூப்பிட்டப்ப. 'உனக்காக என்னை வெச்சுட்டு இருக்க வேண்டாம்னு அண்ணன்கிட்ட சொல்லியிருக்கேன், நீ கோவிச்சுக்காத'ன்னு. நான் உங்ககிட்ட கேக்கவே இல்லை. நீங்க மறந்திருப்பீங்கன்னு ஒரு நம்பிக்கை. அதான் முந்தாநேத்து போன்ல தெரியாத மாதிரியே கேட்டேன்."

ரெண்டு பேரும் ஒரே விஷயத்தை மூணு மாசமா ஆளுக்கொரு பக்கம் ஒளிச்சு வெச்சிருந்திருக்கோம். தினமும் போன்ல முகம் பார்த்துப் பேசிட்டேதான்.

ராத்திரி தூக்கம் வராம திண்ணையில உட்கார்ந்து, அவன் வந்த நேரத்தை ஒரு காகிதத்துல எழுதிப் பார்த்தோம். போன் அடிச்சதுல இருந்து வாசல் வரைக்கும் 42 மணி 20 நிமிஷம். அதுல பறந்தது 21 மணி 15 நிமிஷம். மீதி 21 மணி 5 நிமிஷம் பறக்காத நேரம். டிக்கெட் போட, ஏர்போர்ட் போக, வரிசையில நிக்க, சிங்கப்பூர்ல காத்திருக்க, பெட்டிக்கு நிக்க, ரோட்டுல வர. விமானத்தோட வேகத்தை இன்னும் ரெண்டு மடங்கு ஆக்கினாக்கூட அந்தப் பாதி அப்படியேதான் இருக்கும்.

இன்னொண்ணும் அந்தக் காகிதத்துல தெரிஞ்சுது. அவன் கிளம்பினது செவ்வாய் ராத்திரி 11 மணி. ஒரு மணி நேரத்துல அந்த ஊர்க் கணக்குப்படி புதன் பிறந்துச்சு. விமானம் மேக்க போகப் போக ராத்திரியும் கூடவே வந்துச்சு. பசிபிக் கடல் நடுவுல தேதிக்கோட்டைத் தாண்டினதும் வியாழன். சிங்கப்பூர்ல இறங்கறப்பதான் விடிஞ்சிருக்குது. நடுவுல புதன்கிழமைன்னு ஒரு பகலே அவனுக்கு இல்லை. பதினேழு மணி நேரமும் இருட்டு.

"பொன் கிடைச்சாலும் புதன் கிடைக்காதுன்னு அம்மா சொல்லுமில்லங்கண்ணா"ன்னான். அவ்வளவு நேரம் அழாதவன் அப்போதான் அழுதான்.

சாம்பல் அள்ளறதை மறுநாளே செய்யறதுதான் எங்க வழக்கம். தம்பிக்காக வெள்ளிக்கிழமைக்குத் தள்ளி வெச்சிருந்தேன். வெள்ளிக்கிழமை எதுக்குன்னு ஒருத்தர் ஆரம்பிச்சார். பெரிய மாமா அவரை அடக்கிட்டார். அண்ணன் தம்பி ரெண்டு பேரும் பால் தெளிச்சு அள்ளினோம். கார்ல அறுபது கிலோமீட்டர், பவானி கூடுதுறைக்குப் போனோம். வழி முழுக்கக் கலயம் தம்பி மடியிலதான் இருந்துச்சு. நான் கேக்கலை, அவனும் கொடுக்கலை. பவானியும் காவேரியும் சேர்ற இடத்துல அவன்தான் கரைச்சான்.

பதினாறாம் நாள் காரியம் முடிச்சுட்டு ஒரு சனிக்கிழமை கிளம்பினான். போகும்போது எல்லாம் தலைகீழ். அந்தக் கடல் மேல, குளிர்காலத்துல, மேக்க இருந்து கிழக்கே பலமான காத்து அடிச்சுட்டே இருக்கும். ஆடிக்காத்துல சைக்கிள் மிதிச்சவங்களுக்கு இது புரியும். எதிர்க்காத்துல பல்லைக் கடிச்சுட்டு மிதிக்கணும், அதே காத்து முதுகுல அடிச்சா பெடலே மிதிக்க வேண்டாம். வர்றப்ப 17 மணி நேரம் ஆன வழி, போறப்ப 15-க்குள்ள முடிஞ்சிருச்சாம். தேதிக்கோட்டை எதிர்ப்பக்கமாத் தாண்டினதால, சிங்கப்பூர்ல ஞாயித்துக்கிழமை காலையில 9 மணிக்கு ஏறினவன், சான் பிரான்சிஸ்கோவுல அதே ஞாயித்துக்கிழமை காலையில, 9 மணி ஆகறதுக்கு முன்னாடியே இறங்கிட்டான்.

இறங்கினதும் கூப்பிட்டான். "போன நாள் திரும்பக் கிடைச்சிருச்சுங்கண்ணா"ன்னான்.

"பரவாயில்லையே"ன்னேன்.

"ஞாயித்துக்கிழமைதாங்கண்ணா கிடைச்சுது"ன்னான்.

ஒன்றரை வருஷம் ஆச்சுங்க. பிள்ளைகளை வெளிநாட்டுல வெச்சிருக்கறவங்க, இல்ல நீங்களே வெளிநாட்டுல இருக்கறவங்க நிறையப் பேர் இதைப் படிக்கறீங்கன்னு தெரியும். உங்களுக்கு ஒண்ணே ஒண்ணுதான் சொல்லுவேன். பெரியவங்க மனசுல என்ன இருக்குதுன்னு அவங்க இருக்கும்போதே கேட்டு வைங்க. காத்திருக்கச் சொல்றாங்களா, வேண்டாம்னு சொல்றாங்களான்னு. கேட்டதை உங்களோட வெச்சுக்காம, கூடப் பொறந்த எல்லாருக்கும் சொல்லிருங்க. போன்லயே சொல்லலாம். சங்கடமா இருந்தாலும் சொல்லலாம். விமானம் எவ்வளவு வேகமாப் போனாலும் அந்த வேலையை அது செய்யாது.

அந்த மெட்ராஸ் நண்பருக்கும் சேர்த்துச் சொல்லிடறேன். என் தம்பி ஊர் எவ்வளவு தூரம்னு யாராவது கேட்டா, இப்போ நான் பதினாறு மணி நேரம்னு சொல்றதில்லை. ஒரு குரல் தூரம், நாப்பத்திரெண்டு மணி நேரம்னு சொல்றேன்.

பாப்பாவோட உருண்டை இன்னும் ஆசாரத்துல அலமாரி மேலதான் இருக்குது. நூலையும் அதுலயே சுத்தி வெச்சிருக்கேன். மஞ்சளுக்குக் களை வெட்ட ஆள் வந்துட்டாங்க, கூப்பிடறாங்க. போகணும்.